போன்ல ஏத்துற சார்ஜும் பிள்ளைக்க புக்குல உள்ள சார்ஜும் ஒண்ணுதானா?

ரப்பர்வெட்டு_குலசேகரம்:
எல்லாருக்கும் வணக்கம். நான் குலசேகரம் பக்கம், ரப்பர் வெட்டுதான் தொழில், பத்தாம் கிளாசோட படிப்ப நிறுத்துன ஆளு. மவ இப்போ பிளஸ் டூ. இயற்பியல்ல மொத பாடமே நிலைமின்னியல், அதுலயே மாட்டிக்கிட்டு முழிக்கா. நேத்து ராத்திரி சோறு தின்னுக்கிட்டு இருக்கும்போ கேக்கா, "அப்பா, போன்ல நூறு பெர்சென்ட் சார்ஜ் ஏறுச்சுன்னா போனுக்குள்ள மின்னூட்டம் கூடியிருக்கும்லா, அப்போ அத தொட்டா ஏன் ஷாக் அடிக்கல"ண்ணு. எனக்கு கரண்டு பத்தி தெரிஞ்சதெல்லாம் ஷாக் அடிச்சா கைய எடுக்கணும்ங்கறது மட்டும்தான். டியூஷன்ல கேட்டாளாம், அதெல்லாம் பரீச்சைக்கு வராது பார்முலாவ படிண்ணு சொல்லிட்டாங்களாம்.

அவளுக்கு வெளங்காதது மூணு. போன் சார்ஜ் ஒண்ணு. மின்புலம் மின்னழுத்தம் ரெண்டுக்கும் என்ன வித்தியாசம்ங்கறது ரெண்டு. மூணாவது, மின்புலம் பூஜ்யமா இருக்குற எடத்துல மின்னழுத்தமும் பூஜ்யமாங்கறது. நம்ம ஊரு ஆளுங்க வெளங்குற மாதிரி சொல்லுங்க, நான் அவளுக்கு வாசிச்சு காட்டுறேன், அவ இப்போ பக்கத்துலதான் இருக்கா.

முட்டம்_லைட்ஹவுஸ்:
அண்ணே மூணாவது கேள்வி எனக்கும் பிளஸ் டூல வந்துச்சு. நான் பூஜ்யம்னு எழுதுனேன், வாத்தியாரும் எனக்கு பூஜ்யம்னு எழுதுனாரு.

வயர்மேன்_திங்கள்சந்தை:
போன் மேட்டர் நான் சொல்லுறேன், வாத்தியாருங்க வந்தா திருத்தட்டும். நாம சார்ஜ் ஏத்துறோம்னு சொல்லுறது பேச்சுக்கு சொல்லுறதுதான். பேட்டரிக்கு ஒரு முனையில எவ்வளவு உள்ள போவுதோ அதே அளவு அடுத்த முனையில வெளிய வந்துரும், அதான் சார்ஜர்ல ரெண்டு கம்பி. மொத்தத்துல பேட்டரிக்குள்ள கூடவும் இல்ல கொறையவும் இல்ல. ஏறுறது எனர்ஜி. ரப்பர் பேண்ட இழுத்து மாட்டி வச்சா ரப்பர் கூடுமா, இழுப்புதான் கூடும், அது மாதிரி.

பழைய_வாத்தியார்:
திங்கள்சந்தைக்காரர் சரியாவே சொல்லிட்டார், ரப்பர் பேண்டு உதாரணம் குலசேகரத்துக்குப் பொருத்தம். நான் ஒரு கணக்கு மட்டும் சேக்குறேன், பிள்ளைக்கு மறக்காது.

5000 எம்.ஏ.ஹெச் பேட்டரின்னா 5 ஆம்பியர் ஒரு மணி நேரம் ஓடலாம்னு அர்த்தம். 5 தடவ 3600 வினாடி, 18,000 கூலும். அதாவது ஒரு தடவ முழுசா சார்ஜ் போட்டு தீக்குறப்போ கம்பி வழியா 18,000 கூலும் மின்னூட்டம் போய் வருது. இது நெசமாவே போனுக்குள்ள சேந்து நின்னா என்ன ஆவும்? 18,000 வேண்டாம், வெறும் 1 கூலும் எடுப்போம். 1 கூலும் இங்க, இன்னொரு 1 கூலும் 1 மீட்டர் தள்ளி. கூலும் விதிப்படி ரெண்டும் தள்ளிக்கிற விசை 9-க்குப் பின்னால 9 பூஜ்யம், அவ்வளவு நியூட்டன். எடையா மாத்துனா சுமார் 9 லட்சத்து 20 ஆயிரம் டன். கன்னியாகுமரி வள்ளுவர் சிலை மொத்தம் 7000 டன்னுன்னு சொல்லுவாங்க, வகுத்துப் பாருங்க, 131 சிலை வருது. 133-க்கு ரெண்டுதான் கொறைச்சல். இதுல 18,000 கூலும் சட்டப்பையில வச்சுக்கிட்டு வடசேரில பஸ் ஏற முடியுமா?

அதனால உலகத்துல எந்தப் பொருளும் கொஞ்சம் போலத்தான் மின்னூட்டத்த தாங்கும். தலை வாருன சீப்புல நிக்கிறது மைக்ரோகூலும்ல (கூலும்ல பத்து லட்சத்துல ஒண்ணு) ஒரு பங்கு இருந்தாலே பெருசு. அந்த துளி போதும், பேப்பர் துண்டு துள்ளிக்கிட்டு வந்து ஒட்டுறதுக்கு.

முட்டம்_லைட்ஹவுஸ்:
சாரே சீப்பு எக்ஸ்பிரிமென்ட் நம்ம ஊருல ஓடாது. எங்க அம்மா வச்சு விடுற தேங்கா எண்ணைக்கு பேப்பர் ஒட்டும், ஆனா அது மின்னூட்டத்துல இல்ல.

பழைய_வாத்தியார்:
சிரிப்புக்கு சொன்னாலும் உண்மை உண்டு. எண்ணை மட்டும் இல்ல, நம்ம ஊரு காத்துல ஈரம் ஜாஸ்தி. பொருளுக்க மேல கண்ணுக்குத் தெரியாத ஈரப்படலம் படிஞ்சிரும், மின்னூட்டம் அது வழியா கசிஞ்சு போயிரும். நான் வேலைக்கு இருந்த காலத்துல ஐப்பசி கார்த்திகைல இந்தச் சோதனைய செஞ்சு காட்டுறேன்னு சொல்லி பிள்ளைங்க முன்னால அசிங்கப்பட்டிருக்கேன். பிப்ரவரி, மார்ச்ல மத்தியானம் செஞ்சா கொஞ்சம் ஓடும்.

அபுதாபி_மக்கா:
வாத்தியாரே இங்க வாங்க, காட்டுறேன். டிசம்பர் ஜனவரியில ஆபீஸ்ல ஏசி போட்டு காத்து காஞ்சு கெடக்கும், கார்பெட்ல நாலு நடை நடந்துட்டு கதவு கைப்பிடிய தொட்டா சுள்ளுன்னு ஒண்ணு. கார் கதவு அதுக்கு மேல. பர்ஸ்ட் வந்த வருஷம் கார்ல எர்த் லீக்கேஜ்னு நெனச்சு ஒர்க்‌ஷாப்ல கொண்டு விட்டேன், அங்க உள்ள மலையாளி சேட்டன் சிரிச்சு செத்தாரு. ஆனா ஒரு சந்தேகம் உண்டு, இது ஆயிரக்கணக்குல வோல்ட்டுன்னு படிச்சேன். வீட்டு கரண்டு 230 வோல்ட்டுக்கு ஆளு சாவுறான், இங்க 5000 வோல்ட்டுக்கு ஆளு "ஸ்ஸ்"ன்னு சொல்லிட்டு டீ குடிக்க போறான். எப்டி?

வயர்மேன்_திங்கள்சந்தை:
வோல்ட்டு கொல்லாது ஆம்பியர்தான் கொல்லும்னு சொல்லுவாங்க மக்கா.

பழைய_வாத்தியார்:
அப்டி சொல்றது பாதி சரி, ஆனா அந்த ஆம்பியர ஓட வைக்கிறது வோல்ட்டுதான. அதனால அந்த வாக்கியத்த நம்பி யாரும் லைன்ல கை வைக்க வேண்டாம்.

இப்டி பாருங்க. மின்னூட்டம் தண்ணி. மின்னழுத்தம் தண்ணிக்க மட்டம். பாத்திரம் எவ்வளவு அகலம்ங்கறதுதான் மின்தேக்குத்திறன். ஒரு செம்பு தண்ணிய ஒரு ஒல்லிக் குழாய்ல ஊத்துனா மட்டம் ஆள் உயரத்துக்கு ஏறும், அதே செம்பு தண்ணிய கொளத்துல ஊத்துனா ஒண்ணுமே தெரியாது. மனுஷ உடம்பு ரொம்ப ஒல்லியான குழாய், சுமார் 100 பிகோபாரடு (மின்தேக்குத்திறன அளக்குற குட்டி அலகு). அதுல அரை மைக்ரோகூலும் ஏறுனாலே மட்டம் 5000 வோல்ட்டுக்குப் போயிரும். ஆனா கைப்பிடிய தொட்ட நொடியில அந்த அரை மைக்ரோகூலும் வடிஞ்சு தீந்துரும், கூட வர்ற ஆற்றல் ஒரு மில்லிஜூலுக்குக் கொஞ்சம் மேல, அவ்வளவுதான். வீட்டு லைன் அப்டி இல்ல, மட்டம் 230தான், ஆனா பின்னால மொத்த கிரிட்டும் நிக்குது, நீங்க எவ்வளவு எடுத்தாலும் மட்டம் எறங்காது. கையில ஒரு சொட்டு விழுறதுக்கும் மதகுக்கு நேரா போய் நிக்கிறதுக்கும் உள்ள வித்தியாசம்.

இதே கணக்குல பூமிய பாருங்க. பூமி நம்மளுக்கு கடல் மாதிரி. எவ்வளவு ஊத்துனாலும் மட்டம் அசையாது. அதான் எர்த்து பூஜ்யம்.

நீட்_ரிப்பீட்டர்:
சார் கரெக்‌ஷன், பூமி பூஜ்யம்ங்கறது நாம வச்சுக்கிட்டது, புக்குல முடிவிலியிலதான் மின்னழுத்தம் பூஜ்யம்னு இருக்கு.

பழைய_வாத்தியார்:
நல்ல கேள்வி தம்பி, கரெக்‌ஷன் இல்ல. பேப்பர்ல தெனமும் பேச்சிப்பாறை நீர்மட்டம் போடுவான்ல, முழுக் கொள்ளளவு 48 அடி. அந்த 48 அடி கடல்மட்டத்துல இருந்தா? கெடையாது, அணையில ஒரு எடத்த பூஜ்யம்னு வச்சு அங்க இருந்து அளக்கான். பெருஞ்சாணிக்கு 77 அடி, அதுக்கு வேற பூஜ்யம். 48-ஐயும் 77-ஐயும் பக்கத்துல வச்சு எது உயரம்னு சண்ட போட முடியாது. பூஜ்யத்த எங்க வேணும்னாலும் வச்சுக்கலாம், கணக்கு முடியிற வரைக்கும் மாத்தக்கூடாது. தனி மின்னூட்டம் கணக்குக்கு முடிவிலி வசதி, வயரிங் கணக்குக்கு பூமி வசதி. வேலை நடக்குறது எல்லாம் வித்தியாசத்துல.

ரப்பர்வெட்டு_குலசேகரம்:
சாரே மட்டம்னு சொன்ன உடனே எனக்கே வெளங்குன மாதிரி இருக்கு. மவ கேக்கா, அப்போ லைன் கம்பியில காக்கா இருக்குதே அதுவும் இந்த மட்டம்தானா?

பழைய_வாத்தியார்:
அதேதான். மாத்தூர் தொட்டிப்பாலத்துல நடந்திருப்பீங்க, கீழ பறளியாறு, உயரம் 115 அடி. பாலத்து மேல நடக்குற ஆளுக்கு ஒண்ணும் ஆவல, ஏன், வலது காலும் இடது காலும் ஒரே உயரத்துல. ஒரு கால் பாலத்துலயும் இன்னொரு கால் ஆத்துலயும் வைக்க முடிஞ்சா அன்னைக்கு தெரியும். காக்காவுக்க ரெண்டு காலும் 11,000 வோல்ட்டுல, அந்த ரெண்டு காலுக்கும் நடுவுல வித்தியாசம் இல்லேங்கற அளவுக்கு கொறைவு. பாலத்துக்க மேல தண்ணி ஓடுதே, அது 115 அடி உயரத்துல இருக்குறதால ஓடல, இந்தக் கடைசிக்கும் அந்தக் கடைசிக்கும் லேசா ஒரு சரிவு இருக்குறதால ஓடுது.

வயர்மேன்_திங்கள்சந்தை:
வவ்வால் சாவுறது இதனாலதான். ரெக்கைய விரிச்சா ரெண்டு கம்பியவும் ஒரே நேரத்துல தொட்டுரும். எங்க ஏரியாவுல மாம்பழ சீசன்ல ரெண்டு மூணாவது தொங்கும், பாவம்.

நீட்_ரிப்பீட்டர்:
மூணாவது கேள்விக்கு நான் பதில் சொல்றேன், இது எம்.சி.க்யூல அடிக்கடி வரும். மின்புலம் பூஜ்யம்னா விசையே இல்ல, விசை இல்லன்னா வேலை இல்ல, மின்னழுத்தம்ங்கறது ஒரு கூலும்க்கு செய்யுற வேலை, சோ மின்னழுத்தமும் பூஜ்யம். சிம்பிள்.

ஆரல்_காத்து:
தம்பி இந்த ஆன்சர மார்க் பண்ணிராத.

நீட்_ரிப்பீட்டர்:
ஏன் அண்ணா, லாஜிக்ல எங்க தப்பு? புலம் இல்லாத எடத்துல வேலை எப்டி வரும்?

ஆரல்_காத்து:
நான் காத்தாலை மெயின்டனன்ஸ்ல இருக்கேன், பிசிக்ஸ் டிகிரி எல்லாம் இல்ல, டிப்ளமாதான். ஆனா டெய்லி நிக்கிற எடத்த வச்சே சொல்றேன். நான் நிக்கிறது கணவாய். ரெண்டு பக்கமும் மலை, நடுவுல ஆரல்வாய்மொழி. ரோட்டுல நாகர்கோவில் பக்கம் இருந்து வந்தா ஏத்தம், அந்தப் பக்கம் திருநெல்வேலிக்கு எறக்கம். நடுவுல ஒரு எடத்துல ஏத்தமும் இல்ல எறக்கமும் இல்ல, வண்டிய நியூட்ரல்ல போட்டா அப்டியே நிக்கும். சரிவு பூஜ்யம். அதுக்காக அந்த எடம் கடல்மட்டத்துலயா இருக்கு? நீ சொன்ன லாஜிக்படி சரிவு இல்லாத எடமெல்லாம் சங்குத்துறை பீச் ஆயிரும்.

பழைய_வாத்தியார்:
ஆஹா. 31 வருஷம் பாடம் எடுத்தேன், இந்த உதாரணம் எனக்குத் தோணல. தம்பிக்கு நம்பர் போட்டே காட்டிருவோம்.

ரெண்டு மின்னூட்டம், ரெண்டும் பிளஸ் 1 மைக்ரோகூலும், 2 மீட்டர் தள்ளி வச்சாச்சு. நட்ட நடுவுல நில்லுங்க. இடது பக்கத்துது உங்கள வலப்பக்கம் தள்ளும், வலது பக்கத்துது இடப்பக்கம் தள்ளும், சமம், புலம் பூஜ்யம். ஆனா மின்னழுத்தத்துக்கு திசை கெடையாது, வெறும் எண், கூட்டத்தான் முடியும். ஒண்ணுனால 9000 வோல்ட்டு, இன்னொண்ணுனால 9000, மொத்தம் 18,000 வோல்ட்டு. புலம் பூஜ்யம் உள்ள எடத்துல பதினெட்டாயிரம்.

இப்போ வலது பக்கத்துத மட்டும் மைனஸ் ஆக்குங்க. மின்னழுத்தம் 9000-ல இருந்து 9000 போயி பூஜ்யம். புலமோ, ஒண்ணு தள்ளுது இன்னொண்ணு இழுக்குது, ரெண்டும் ஒரே பக்கம், கூடி 18,000 வோல்ட் பெர் மீட்டர். அதே எடம், ஒரு குறிய மாத்துனதுக்கு ரெண்டும் தலகீழா ஆயிருச்சு. ஆரல்வாய்மொழிக்காரர் பாஷையில சொன்னா பிளஸ்ஸு மலை, மைனஸ்ஸு கெணறு. மலைக்கும் கெணத்துக்கும் நடுவுல எங்கயோ ஒரு எடத்துல உயரம் பூஜ்யம் வந்தே ஆவணும், ஆனா அங்கயும் சரிவு உண்டு, நின்னா சறுக்கும்.

தம்பி, நீங்க லாஜிக்ல விட்டது எங்கன்னா, மின்னழுத்தம்ங்கறது அந்த எடத்துல செய்யுற வேலை இல்ல, முடிவிலியில இருந்து அந்த எடம் வரைக்கும் தூக்கிக்கிட்டு வர்ற வழி முழுக்க செஞ்ச வேலை. மேல வந்து சேந்த பிறகு தரை சமமா இருந்தா ஏறி வந்த களைப்பு இல்லன்னு ஆயிருமா?

நீட்_ரிப்பீட்டர்:
ம்ம். ஓகே சார். வழி முழுக்கங்கறத நான் யோசிக்கல. அப்போ கடத்திக்குள்ள புலம் பூஜ்யம்னு படிக்கிறோமே, அங்கயும் மின்னழுத்தம் இருக்கும், ஆனா எல்லா எடத்துலயும் ஒரே மதிப்பு. கரெக்டா?

பழைய_வாத்தியார்:
கரெக்ட். மலை உச்சியில தட்டையா ஒரு மைதானம்.

ஆரல்_காத்து:
எனக்கு ரொம்ப நாளா ஒரு உறுத்தல், மின்னழுத்தம்ங்கற வார்த்தையே ஆள குழப்புது. அழுத்தம்னு சொன்ன உடனே டயர் காத்து, பிரஷர் குக்கர்னு மனசு போயிருது. மின்னுயரம்னு வச்சிருந்தா பாதிப் பேரு பாஸாயிருப்பான்.

பழைய_வாத்தியார்:
நானும் ஒத்துக்கிடுறேன், ஆனா பரீச்சையில மின்னுயரம்னு எழுதிராதம்மா, பேப்பர் திருத்துறவங்க மெரண்டு போவாங்க. சரிவுதான் புலம், உயரம்தான் அழுத்தம், இத மட்டும் மனசுல வச்சுக்கோ. சரிவு எறங்குற பக்கம் புலத்துக்க திசை, அதுக்குத்தான் பார்முலாவுல ஒரு மைனஸ் குறி. எலக்ட்ரான் மட்டும் எதிர்ப்பக்கம், மேட்டப் பாத்து போவும், தண்ணிக்குள்ள விட்ட காத்துக் குமிழி மேல போற மாதிரி. இந்தத் தொல்லைக்கு காரணம் பெஞ்சமின் பிராங்க்ளின். 1700-கள்ல அவரு பிளஸ் மைனஸ்னு பேரு வச்சப்போ உள்ள ஓடுறது எதுன்னு யாருக்கும் தெரியாது. ஜே.ஜே. தாம்சன் எலக்ட்ரான கண்டுபிடிச்சது 1897-ல, அதுக்குள்ள புஸ்தகமெல்லாம் எழுதி முடிச்சாச்சு.

பத்தாம் கிளாசோட நிறுத்துனேன்னு குலசேகரத்துக்காரர் வருத்தப்பட்ட மாதிரி தெரிஞ்சது. மின்புலத்துக்கு கோடு வரைஞ்சு காட்டுன பாரடே, புஸ்தகம் பைண்டிங் போடுற கடையில வேல பாத்த பையன். கணக்கு அவருக்கு ஓடாது. கணக்கு வராததுனாலதான் படமா பாத்தாரு, நமக்கு புலக்கோடு கெடச்சுது.

மணல்கொட்டு:
ரெண்டு நாளா வாசிச்சிட்டு இருக்கேன், இப்பத்தான் எழுதுறேன், தட்டச்சு மெதுவா வரும் பொறுத்துக்கிடுங்க. நான் மணவாளக்குறிச்சி மணல் ஆலையில ரொம்ப வருஷம் வேல பாத்து ஓய்வு. நீங்க பாடப்புத்தகத்துல தேடுற இந்த நிலைமின்னியல வச்சுத்தான் அங்க மணலையே பிரிக்கிறது, நம்ம மாவட்டத்துல ஒரு பாடு பேருக்கு இது தெரியாது. (அந்த மணல் எடுக்கலாமா கூடாதாங்கற சண்டைய வேற இழையில போடுங்க, இங்க வேண்டாம்.)

கடக்கரையில உள்ள கருப்பு மணல்ல இல்மனைட், ரூட்டைல், சிர்கான், மோனசைட், கார்னெட், சில்லிமனைட்டுன்னு பல தாது கலந்து கெடக்கும். கண்ணால பாத்து பொறுக்க முடியுமா, ஒவ்வொண்ணும் மணல் துகள். ஒரு பெரிய உருளை சுத்திக்கிட்டே இருக்கும், அது எர்த்து பண்ணினது. அதுக்கு மேல கொஞ்சம் தள்ளி ஒரு மெல்லிசு கம்பி, அதுல பத்தாயிரக்கணக்குல வோல்ட்டு. கம்பி மெல்லிசா இருக்குறதால அதுக்க பக்கத்துல சரிவு பயங்கரம், வாத்தியார் சொன்ன சரிவுதான், காத்தே தாங்காம உடைஞ்சு மின்னூட்டமா சிதறும். இருட்டுல பாத்தா ஊதாவா ஒரு மினுக்கம் தெரியும். உருளை மேல விழுற எல்லா மணலுக்கும் அந்த மின்னூட்டம் ஏறிரும், நல்லது கெட்டது பாக்காது.

இனிமேதான் வேடிக்கை. இல்மனைட்டும் ரூட்டைலும் கரண்ட கடத்தும். ஏறுன மின்னூட்டத்த அந்த நிமிஷமே உருளைக்கு குடுத்துட்டு வெறும் ஆளா ஆயிரும், உருளை சுத்துற வேகத்துல தூர தெறிச்சு விழுந்துரும். சிர்கான், மோனசைட்டு, கார்னெட்டு கடத்தாது. ஏறுனத விட மனசு வராது, அதனால உருளையிலயே ஒட்டிக்கிட்டு சுத்தி அடிப்பக்கம் வரைக்கும் போவும், அங்க ஒரு பிரஷ்ஷு வச்சு தட்டி விடணும். தெறிச்சது ஒரு தொட்டி, ஒட்டுனது ஒரு தொட்டி. பிறகு காந்தம் வச்சு அதுக்குள்ளயும் பிரிக்கிறது தனிக் கதை.

மழை காலம்னா இது பெரிய தலைவேதனை. மணல் நல்லா சூடேறி காஞ்சிருக்கணும். கொஞ்சம் ஈரம் இருந்தா போச்சு, ஈரப்படலம் எல்லாத்தையும் கடத்த வச்சிரும், சிர்கானும் இல்மனைட்டும் ஒண்ணா தெறிக்கும். வாத்தியாருக்கு சீப்பு ஓடாததும் எங்களுக்கு மணல் பிரியாததும் ஒரே காரணம்தான்.

அபுதாபி_மக்கா:
அண்ணாச்சி வேற லெவல். எங்க வீடு மண்டைக்காடு, அந்த ஆலை வாசல் வழியா ஸ்கூலுக்கு போயிருக்கேன், உள்ள இது நடக்குதுன்னு இன்னைக்கு அபுதாபில உக்காந்து தெரிஞ்சுக்கிடுறேன்.

ரப்பர்வெட்டு_குலசேகரம்:
மவ இத மூணு தடவ வாசிச்சா. உருளை எர்த்து பண்ணலன்னா என்ன ஆவும்னு கேக்கா.

மணல்கொட்டு:
நல்ல புத்தி. எர்த்து இல்லன்னா உருளைக்க மட்டமும் ஏறிக்கிட்டே போவும், மணலுக்கும் உருளைக்கும் வித்தியாசம் கொறையும், எறங்க எடம் இல்லாம மின்னூட்டம் எங்க போவும்? ஒட்டுறதும் தெறிக்கிறதும் ரெண்டும் கெடும். தொடுறவனுக்கும் நல்லதில்ல.

வயர்மேன்_திங்கள்சந்தை:
சந்தடி சாக்குல எனக்க சந்தேகத்தையும் கேட்டுக்கிடுறேன். ஒரு வீட்டுல ஒரு வயரு ரெண்டு பக்கமும் கட் பண்ணி விட்டது, எதுலயும் கனெக்ட் ஆவல. டெஸ்டர் வச்சா மினுக்குது. டிஜிட்டல் மீட்டர் 90 வோல்ட்டு காட்டுது. பல்ப போட்டா எரியல. வீட்டுக்காரம்மா பேயின்னு சொல்லிட்டாங்க.

பழைய_வாத்தியார்:
பேய் இல்ல, பக்கத்து வயரு. ஒரே பைப்புக்குள்ள லைவ் வயரோட சேந்து ஓடுதுல்லா, நடுவுல பிளாஸ்டிக் உறை, அப்போ ரெண்டு வயரும் சேந்து ஒரு சின்ன மின்தேக்கி. லைவ் வயருக்க புலம் இதையும் பாதி உயரத்துக்கு தூக்கி வச்சிருது. உயரம் உண்டு, தண்ணி இல்ல. டெஸ்டருக்கும் டிஜிட்டல் மீட்டருக்கும் ஒரு துளி போதும், அதனால காட்டும். பல்பு வாய வச்ச உடனே வத்திரும். ஆனா நீங்க இது வெறும் பேய் வோல்ட்டுன்னு முடிவு பண்றதுக்கு முன்னால மெயின ஆஃப் பண்ணிருங்க, அது நெசமா லைவ்வா இருக்கவும் வாய்ப்பு உண்டு.

ரப்பர்வெட்டு_குலசேகரம்:
என் கேள்வியும் ஒண்ணு. சித்திரை வைகாசியில சாயங்காலம் இடி இடிக்கும்போ தோட்டத்துல மாட்டிக்கிடுவோம். போன வருஷம் பக்கத்து தோட்டத்துல தென்னையில இடி விழுந்து, மரத்துல இருந்து நல்லா தள்ளி கட்டியிருந்த பசு செத்துப் போச்சு. அதுக்கு பக்கத்துல நின்ன ஆளுக்கு கால் மரத்ததோட சரி. மாட்டுக்கு மட்டும் ஏன்? நான் ரப்பர் செருப்பு, அதனால தப்பிச்சேன்னு அவன் சொல்லுறான்.

பழைய_வாத்தியார்:
செருப்ப விடுங்க. 1 சென்டிமீட்டர் காத்த உடைக்கவே சுமார் 30,000 வோல்ட்டு வேணும், மேகத்துல இருந்து கிலோமீட்டர் கணக்குல காத்த உடைச்சுக்கிட்டு வந்ததுக்கு ஒரு இஞ்சு ரப்பரு என்ன தடுப்பு.

தென்னையில எறங்குன மின்னல் தரைக்குள்ள நாலு பக்கமும் பரவும். அப்போ தரையே சரிவு ஆயிரும், மரத்தடி உச்சி, தள்ளத் தள்ள எறக்கம். மின்னல் 20,000 ஆம்பியர்னும் மண்ணுக்க மின்தடை எண் 100 ஓம் மீட்டர்னும் வச்சு கணக்கு போட்டேன், இது தோராயம்தான், மண்ணுக்கு மண்ணு மாறும். மரத்துல இருந்து 20 மீட்டர் தள்ளி ஒரு ஆளு கால அரை மீட்டர் அகட்டி நின்னா ரெண்டு காலுக்கும் நடுவுல 390 வோல்ட்டு போல வருது. பசுவுக்கு முன்னங்காலுக்கும் பின்னங்காலுக்கும் ஒண்ணரை மீட்டர், மரத்த பாத்து நின்னா 1100 வோல்ட்டு. அதுக்கு மேல, மனுஷனுக்கு அது ஒரு காலுல ஏறி மறு காலுல எறங்கிரும், மாட்டுக்கு முன்னங்கால் பின்னங்கால் நடுவுல நெஞ்சு இருக்கு.

அதனால வெட்டவெளியில மாட்டிக்கிட்டா ரெண்டு காலையும் சேத்து வச்சு குத்த வைக்கணும், படுக்கக்கூடாது, மரத்தடிக்கு போவவே கூடாது. கான்கிரீட் வீடோ கண்ணாடி ஏத்துன காரோ கிட்ட இருந்தா அதுக்குள்ள ஓடிருங்க.

ஆரல்_காத்து:
காத்தாலைக்கு ஏற்பாடு வேற. எறக்கைக்க நுனியில உலோகம் வச்சு, உள்ளுக்குள்ளயே கம்பி ஓட்டி, டவர் வழியா மண்ணுக்கு எறக்கியிருக்கும். மின்னல் விழ வேண்டாம்னு இல்ல, விழுந்தா எந்த வழியா போவணும்னு நாம சொல்லிக் குடுக்கோம். இடி கேட்டா நாங்க மேல ஏற மாட்டோம், கால்ல விழுந்து கேட்டாலும் ஏற மாட்டோம்.

முட்டம்_லைட்ஹவுஸ்:
கார் டயரு ரப்பர்னாலதான் கார் சேப்னு நான் இத்தன நாள் நெனச்சிட்டு இருந்தேன்.

நீட்_ரிப்பீட்டர்:
இல்ல ப்ரோ, அது மெட்டல் பாடினால. கடத்திக்குள்ள புலம் பூஜ்யம், இப்பத்தான பேசுனோம். பாரடே 1836-ல ஒரு ரூம் முழுக்க உலோகத் தகடு ஒட்டி அதுக்கு வெளிய பெரிய மெஷின வச்சு மின்னூட்டம் ஏத்தி பாத்தாரு, உள்ள ஒண்ணும் தெரியல. துணிக்கூரை ஆட்டோவுக்கு இது செல்லாது.

ரப்பர்வெட்டு_குலசேகரம்:
கடைசியா மவளுக்க கேள்வி ஒண்ணு, அவளே டைப் அடிக்கா: சார், ரெண்டு பிளஸ்ஸுக்கு நடுவுல புலம் பூஜ்யம்னு சொன்னீங்க. அங்க ஒரு சின்ன பிளஸ்ஸ கொண்டு வச்சா அப்டியே நிக்குமா?

ஆரல்_காத்து:
பாப்பா கணவாய நெனச்சுப் பாரு. வடக்க தள்ளுனா மலை, திரும்பி வந்துரும். தெக்க தள்ளுனாலும் மலை, திரும்பி வந்துரும். ஆனா லேசா கெழக்கயோ மேக்கயோ தட்டுனா? ஒண்ணு பணகுடி, இல்லன்னா தோவாளை.

பழைய_வாத்தியார்:
இதுக்கு மேல நான் சொல்ல ஒண்ணும் இல்ல. இதுக்கு எர்ன்ஷா தேற்றம்னு பேரு, நிலையா நிக்கிற மின்னூட்டங்கள மட்டும் வச்சு எந்த எடத்துலயும் இன்னொரு மின்னூட்டத்த அசையாம நிக்க வைக்க முடியாது, எப்டி அடுக்குனாலும் ஏதோ ஒரு பக்கம் சறுக்கும். பிளஸ் டூ புக்குல இது கெடையாது, காலேஜ்ல வரும். பிள்ளை கேட்டுட்டா.

ரப்பர்வெட்டு_குலசேகரம்:
அவளுக்கு ஒரே சந்தோஷம், கணவாய நோட்டுல படமா வரைஞ்சு வச்சுக்கிட்டு இருக்கா, தோவாளைப் பக்கம் ஒரு பூவும் போட்டிருக்கா. எல்லாருக்கும் ரொம்ப நன்றி. விடியக்காலம் மழை இல்லன்னா வெட்டு உண்டு, நான் போய் படுக்கேன்.